கற்பிக்க வந்தவர் கற்றவை: சீகன்பால்குவின் எழுத்துகள் குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

அயல்நாட்டில் நெடுங்காலம் தங்கிச் சமயப்பணி ஆற்றியோரின் மடல்களும் குறிப்புகளும் தமிழியல் ஆய்வில் பெரும்பாலும் இருவகையாக நோக்கப்பட்டுள்ளன. தொண்டினைப் போற்றும் சான்றுகளாகக் கொள்வது ஒருவகை. ஆதிக்கத்தின் கருவிகளாகக் காண்பது மற்றொருவகை. இவ்விரு நோக்கிலும், எழுதியவர் எதனைக் கற்றார், எவரிடம் கற்றார் என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. டேனிய அரசரால் அனுப்பப்பெற்று 1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்து, இடையில் ஐரோப்பா சென்று மீண்ட காலம் நீங்கலாக, 1719இல் மறையும் வரை அங்கு வாழ்ந்த செருமானியர் பர்த்தலோமேயு சீகன்பால்குவின் எழுத்துகளை இவ்வினாக்களின்வழி அணுகுவது பயனுடையது.

மாணவராதல்

திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றதே சீகன்பால்குவின் தொடக்கம். இரண்டே ஆண்டுகளில் தாம் திரட்டிய சுவடிகளுக்கு அவர் விளக்கப் பட்டியல் ஒன்று வரைந்தார். 1708இல் உருவான அப்பட்டியலில் தமிழர்தம் சமய, இலக்கிய நூல்கள் 119 இடம்பெற்றுள்ளன. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். தமிழரை நாகரிகமற்றவர் என ஐரோப்பியர் எண்ணுவதையும், தாமும் தொடக்கத்தில் அவர்கள் மொழிக்கு முறையான இலக்கணம் இருக்கக்கூடும் என நினையாததையும் அவர் மறைக்கவில்லை. இம்மனமாற்றத்தைப் பெரிதும் விளைத்தது தமிழ்நூல் வாசிப்பே என்பது கருதத்தக்கது.

கற்றலின் எல்லை

எனினும், இக்கல்வி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. தமிழரின் அறத்தையும் மொழியையும் ஏற்ற மனம், அவர்தம் வழிபாட்டை ஏற்கவில்லை. சிவவாக்கியத்தை அவர் மிகுதியாக எடுத்தாள்வது இதனைக் காட்டும். உருவ வழிபாட்டை மறுக்கும் பாடல்கள் அவருக்கு உவப்பாயின. ஆனால் அம்மறுப்பு சித்தர்தம் யோக நெறியிலிருந்து எழுந்தது என்பதற்கு அவர் உரிய இடம் தரவில்லை. முன்பே கொண்ட கொள்கைக்குச் சான்று தேடும் வாசிப்பு இது.

பெயரற்ற ஆசிரியர்கள்

சீகன்பால்குவும் உடன்பணியாளர் கிரண்ட்லரும் அனுப்பிய வினாக்களுக்குத் தமிழர் எழுதிய மறுமொழிகள் ‘மலபார் மடல்கள்’ எனப் பெயர்பெற்றன. அவற்றுள் 99 மடல்கள் 1714, 1717ஆம் ஆண்டுகளில் செருமானிய மொழியில் ஹாலே நகரில் அச்சேறின. ஐரோப்பியரின் குடியையும் ஒழுக்கக் குறைவையும் சுட்டி, இவையே கிறித்தவத்தைத் தமிழர் ஏலாமைக்குக் காரணம் என உரைக்கும் பகுதிகளும் அவற்றுள் உண்டு. தம்மவரைச் சாடும் கூற்றுகளை நீக்காது அச்சுக்கு அளித்தது பாராட்டத்தக்கது. ஆயினும் தமிழ் மூலங்கள் இன்று கிடைத்தில. மடல் வரைந்தோர் பெயரும் அச்சில் இல்லை. வினா எழுப்பியவரே மொழிபெயர்த்து மறுப்புக் குறிப்பும் சேர்த்தமையால், கற்பித்தவரின் குரல் கற்றவரின் மொழியிலேயே எஞ்சியுள்ளது.

நிறுவனம் ஏலாத பாடம்

1713இல் எழுதி அனுப்பிய தென்னிந்தியக் கடவுளரின் மரபுவழி பற்றிய நூலை ஹாலே வெளியிடவில்லை. பிற சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டோர் அதனை ஐரோப்பாவில் பரப்புதல் தகாது என்று அங்கிருந்த பிராங்கே கருதியதாகக் கூறப்படுகிறது. 1867இல்தான் ஜெர்மான் என்பவரின் பதிப்பாக அது சென்னையில் வெளிவந்தது. தனிமனிதர் கற்ற பாடம் அவரை அனுப்பிய நிறுவனத்தின் பாடமாக 154 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

முடிவுரை

சீகன்பால்குவை மாற்றிய கல்வி உண்மையானது, முழுமையானதன்று. அவர்தம் நூல்களை அவர் பெருமைக்கோ சிறுமைக்கோ மட்டும் சான்றாக்குவது அக்கல்வியை அளித்த தமிழ் ஆசிரியர்களை மீண்டும் ஒருமுறை மறைப்பதாகும். சுவடிப் பட்டியலையும் மடல்களையும் தமிழ்க் கல்வி மரபின் ஆவணங்களாகவும் பயில்வதே, பெயரிழந்த அவ்வாசிரியர்களுக்கு ஆய்வுலகம் செய்யத்தக்க கடன் எனலாம்.