பறவையின் பெயரும் பறத்தலின் திசையும்: ஒரு திரைப்படத் தலைப்பின் மொழிபெயர்ப்புச் சிக்கல்

1. முன்னுரை

தலைப்புகளை மொழிபெயர்ப்போர் பெரும்பாலும் பெயர்ச்சொல்லிலேயே கருத்தைச் செலுத்துவர். வினைச்சொல்லை எளிதாகக் கடந்துவிடுவர். இதனால் நேரும் இழப்பை ஓர் உருசியத் திரைப்படத்தின் தலைப்பைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மிகயீல் கலத்தோசவ் இயக்கத்தில் 1957-இல் வெளிவந்து, 1958-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற அக்கறுப்பு வெள்ளைப் படம், விக்தர் ரோசவின் நாடகத்தைத் தழுவியது. திரைக்கதையையும் அவரே எழுதினார். நாடகத்தின் பெயர் 'என்றும் வாழ்வோர்' எனப் பொருள்படும். படத்தின் பெயரோ 'லெத்யாத் ஜுராவ்லீ'. தீர்ப்புக் கூறும் பெயர்த்தொடரின் இடத்தில், நிகழ்ச்சியை மட்டும் காட்டும் ஒரு வாக்கியம் வந்தமர்ந்தது.

2. பெயர்ச்சொல்

'ஜுராவ்ல்' என்னும் பறவைக்குப் பிரெஞ்சில் நேரான சொல் 'க்ரு'. அது இழிவழக்கில் பரத்தையையும் குறிக்கும். காதலன் போரிஸ் போர்முனைக்குச் சென்றபின், அவனுடைய உறவினன் மார்க்கை மணந்து பழிக்கு ஆளாகிறாள் வெரோனிகா. அவள் கதைக்கு அச்சொல் தலைப்பாகுமாயின் அப்பழி தலைப்பிலேயே ஏறிவிடும். பிரெஞ்சுத் தலைப்பு 'சிகோஞ்' என்னும் வேறு பறவையை நாடியது; 'நாரைகள் கடக்கும்போது' என்பது அதன் பொருள். இங்கு மாறியது பறவை மட்டுமன்று. முற்று வாக்கியம் சார்பு வாக்கியமாகியும் விட்டது. அதைப் படிப்பவர் தொடர்ந்து வரவேண்டிய தலைமை வாக்கியத்தை எதிர்பார்க்கிறார். உருசியத் தலைப்பு அத்தகைய எதிர்பார்ப்பை எழுப்புவதில்லை.

தமிழில் 'கொக்கு' என்றதும் இரைக்குக் காத்திருக்கும் பறவையே நினைவில் எழும். 'நாரை'யோ, சத்திமுத்தப் புலவர் பாடலில், பிரிந்திருக்கும் மனைவிக்குத் தூது செல்லும் பறவை. எனவே பிரிவைப் பேசும் இப்படத்திற்கு நாரையே பொருந்தும். பறவை நூல்கள் இப்பெயரைப் பெரும்பாலும் சிகோஞ் இனத்திற்கு வழங்குவது இதற்குத் தடையாகாது. இழிபொருளை விலக்கப் பிரெஞ்சு மொழி அடைந்த பறவையை, மரபுப் பொருளை நாடித் தமிழ் அடைகிறது.

3. வினைச்சொல்

உருசிய மொழியில் இயக்க வினைகள் இணைகளாக அமைவன. 'லெத்தாயுத்' என்பது வட்டமிடுதலையும் வழக்கமாகப் பறத்தலையும் குறிக்கும். 'லெத்யாத்' ஒரு திசை நோக்கிய பறத்தலைக் குறிக்கும். ஆயினும் அத்திசை நம்மை விட்டுப் போவதா, நம்மிடம் வருவதா என்பதை இவ்வினை கூறாது.

இம்மௌனம் படத்திற்கு இன்றியமையாதது. தொடக்கத்தில் மாஸ்கோ வானில் பறவைகள் பறப்பதைக் காதலர் இருவரும் காண்கின்றனர். பின்னர்ப் போரிஸ் போகிறான். இறுதியில் போர் முடிந்து, இரயில் நிலையத்தில் வீரர்கள் வந்திறங்குகின்றனர். போரிஸ் இறந்ததை உறுதியாக அறிந்த வெரோனிகா, அவனுக்கெனக் கொணர்ந்த மலர்களை மற்றவர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறாள். வானில் மீண்டும் பறவைகள். போவதற்கும் வருவதற்கும் ஒரே வினை இடந்தருகிறது.

தமிழில் திசையை உணர்த்தத் துணைவினை வேண்டும். 'பறந்து செல்கின்றன' என்றால் முதற்காட்சி மட்டுமே தலைப்பில் நிற்கும். 'பறந்து வருகின்றன' என்றால், திரும்பி வராத ஒருவனைப் பற்றிய படம் வருகையை வாக்களித்துப் பொய்த்துவிடும். 'நாரைகள் பறக்கின்றன' என்பதில் பொய் இல்லை. எனினும் திசையும் இல்லை.

சொல்வரிசையும் நோக்கத்தக்கது. உருசிய மொழியில் இங்கு வினை முன்நிற்பது நிகழ்ச்சி முழுவதையும் புதுச்செய்தியாக்குகிறது. தமிழில் 'பறக்கின்றன நாரைகள்' என்பது செய்யுள் நடையாகிவிடும். அப்புதுமையைத் தமிழ் இயல்பாகக் காட்டும் வழி, இடத்தை முன்வைப்பதாகும்.

4. முடிவுரை

ஆகவே 'வானூடே நாரைகள் பறக்கின்றன' என்பது ஏற்றதெனக் கருதலாம். வினை சுமந்த திசையை 'ஊடே' என்னும் சொல் ஏற்கிறது. இடம் முன்நிற்பதால் நிகழ்ச்சி புதிதாகத் தோன்றுகிறது. போதலும் வருதலும் கூறப்படாமல் நிற்கின்றன. மூலத்தின் சுருக்கம் இதில் குறைகிறது என்பது உண்மையே. ஆயினும் ஒரு சொல் மிகுவதைவிட, மூலம் சொல்லாது விட்டதை மொழிபெயர்ப்பு சொல்லிவிடுவதே பெரிய பிழையாகும்.