சிரிப்பு யாருடைய பக்கம்?

சிரிப்புக்கு நிறமுமில்லை, வர்க்கமுமில்லை என்று கூறுவோர் உளர். ஒருவன் சிரிக்கும்போது பெரும்பாலும் இன்னொருவன் சிரிக்கப்படுகிறான். அந்த இருவரும் யார் என்று வினவாத விமர்சனம் நகைச்சுவையைப் பற்றி எதையும் கூறியதாகாது. மேடையில் தனித்து நின்று பேசிச் சிரிக்கவைக்கும் இங்கிலாந்துக் கலைஞர்களுள் ஒருவரான லெனி ஹென்றியின் கலைவாழ்வு, இவ்வினாவுக்குச் சிறந்த உரைகல்லாக அமைகின்றது.

ஹென்றி 1958ஆம் ஆண்டு டட்லி என்னும் தொழில் நகரில், ஜமேக்காவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்திற் பிறந்தார். அதே ஆண்டிலேதான் பி.பி.சி. தொலைக்காட்சி ‘பிளாக் அன்ட் வைற் மின்ஸ்ரல் ஷோ’வைத் தொடங்கிற்று. அடிமைமுறை நிலவிய அமெரிக்காவிலே தோன்றிய கேலிக்கூத்தொன்றின் வாரிசு அது. வெள்ளையர் முகத்திற் கரிபூசி ஆடிப்பாடுவர். 1967இல் இனப்பாகுபாட்டுக்கு எதிரான இயக்கமொன்று அதனை நிறுத்துமாறு மனுக் கொடுத்தது. எனினும் 1978வரை அது நீடித்தது.

1975இல், பதினாறு வயதில், ‘நியூ ஃபேசஸ்’ என்னும் தொலைக்காட்சிப் போட்டியில் ஹென்றி வெற்றிபெற்றார். அதன்பின் அவருக்குக் கிடைத்த மேடை எது? அதே கரிபூசிய கூட்டத்தின் மேடையே. கரி பூசத் தேவையில்லாத ஒரே நடிகர் அவர்தாம் என்பது அங்கே வேடிக்கைப் பேச்சாயிற்று. தம் நிறத்தைத் தாமே இகழும் பகடிகளையும் அவர் அந்நாளிற் சொல்லிவந்தார். பிற்காலத்தில், 2019இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பு நூலில், அக்காலத்தின் மனவேதனையை அவர் மறைக்காது எழுதியுள்ளார்.

இதற்காக அந்த இளைஞனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, ஆனால் நேர்மையன்று. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளையொருவனுக்குக் கலைச்சந்தை திறந்துவைத்த வாசல் அது ஒன்றே. அவமானத்தை விலையாகக் கேட்டது சந்தை. ஆயினும், கலைஞன் சூழலின் கைதியாகவே மடிந்துபோக வேண்டுமென்ற விதியுமில்லை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன இழிவையும் பெண்ணிழிவையும் பகடியாக்க மறுத்த இளங்கலைஞர் கூட்டமொன்று இலண்டனில் எழுந்தது. அவர்களது உறவு ஹென்றியையும் மாற்றிற்று. பிரிக்ஸ்டன் பகுதிக் கறுப்பின இளைஞனாகிய டெல்பேட் வில்கின்ஸ் என்ற பாத்திரம் அம்மாற்றத்தின் விளைவெனலாம்.

அவருடைய பகடியொன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். டட்லிக்கு அண்மையிலுள்ள வுல்வர்ஹாம்டனின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த ஈனொக் பவல், 1968இல் ஆற்றிய உரையிலே, குடியேறியோருக்கு உதவிப்பணம் கொடுத்துத் திருப்பியனுப்ப வேண்டுமென்றார். ஊருக்குப் போகப் பணம் தருகிறார்களாம், நல்லதுதான், டட்லிக்குப் பஸ் கட்டணம் மிகக் குறைவாயிற்றே என்ற கருத்தில் ஹென்றி அதனைப் பகடியாக்கினார். இங்கே ‘ஊர்’ என்ற சொல் கைமாறுகிறது. வெளியேற்ற வந்த சொல்லே உரிமையை நிலைநாட்டுகிறது. சிரிக்கப்பட்டவன் சிரிப்பவனாகிறான். இதுவே நாம் போற்றும் நகைச்சுவை.

எத்தியோப்பியப் பஞ்சத்தையொட்டி 1985இல் ரிச்சர்ட் கேட்டிஸுடன் இணைந்து ‘கொமிக் ரிலீஃப்’ என்னும் நிதியமைப்பை அவர் தொடங்கினார். நூறு கோடி பவுணுக்கு மேல் அது திரட்டியது. பசித்தவனுக்குக் கிடைத்த உணவை நாம் இகழோம். ஆனால் ஈகை, பசியின் காரணத்தைக் கேட்பதில்லை. ஆபிரிக்கரைக் கையறுநிலையினராகவே காட்டுவதென்று கறுப்பினப் பாராளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமி 2019இல் கண்டித்தார். அடுத்த ஆண்டில், புகழ்பெற்றோரை ஆபிரிக்காவுக்கு அனுப்பிப் படமெடுக்கும் வழக்கத்தைக் கைவிடுவதாக அவ்வமைப்பு அறிவித்தது. ஹென்றியின் பகடி கண்ட உண்மையை அவருடைய ஈகை காணத் தவறியது என்பதே எமது கருத்து.

2009இல் லீட்ஸ் நகரில் அவர் ஒத்தெல்லோவாக நடித்தார். 1964இல் லோறன்ஸ் ஒலிவியே முகத்திற் கருமை பூசி நடித்த அதே பாத்திரம். கரிபூசியோர் நடுவே தொடங்கிய வாழ்க்கை, கரி தேவையற்ற ஒத்தெல்லோவை அடைந்தது.

2023இல் அவரே எழுதித் தனித்து நடித்த ‘ஓகஸ்ட் இன் இங்லண்ட்’ நாடகம் இலண்டன் புஷ் அரங்கிலே மேடையேறிற்று. பல்லாண்டு இங்கிலாந்தில் உரிமையோடு வாழ்ந்த கரீபியத் தீவு மக்களைப் பத்திரமில்லையென்று சட்டவிரோதிகளாக்கி, வேலை பறித்து, நாடுகடத்தவும் துணிந்த அரசின் கொடுமை 2018இல் அம்பலமாயிற்று. அக்கொடுமைக்காளான ஒருவனின் கதையே அந்நாடகம். முதலில் வயிறு குலுங்கச் சிரிக்கவைத்து, அச்சிரிப்பு அடங்குமுன்னரே குடிவரவுத் துறையின் கதவுத் தட்டலைக் கேட்கவைக்கிறார் ஹென்றி. டட்லிப் பஸ் பகடியில் ஒலித்த அதே வினா இங்கு அழுகையாகத் திரும்புகிறது: எது எங்கள் ஊர்? அவ்வினாவுக்கு விடை கூறவேண்டியவர் கலைஞரல்லர், அரசே. கேட்கவைத்ததுடன் கலைஞனின் கடமை நிறைவேறுகிறது.