சிம்மில் வேகும் ஆட்டுக்கால்

ஆட்டுக்கால் பாயாவுக்குக் குக்கர் போதும் என்பார்கள். வேகும், மறுப்பதற்கில்லை. ஆனால் அடிகனமான பாத்திரத்தில், சிம்மில், நாலைந்து மணி நேரம் விட்டுப் பாருங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் எப்போதாவது ஒரு குமிழி எழுந்தால் சரி. சிம்மே அதிகம் என்றால் அடியில் பழைய தோசைக்கல்லைக் கொடுக்கலாம். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை எட்டும். இங்கே 90ஐ ஒட்டி நிற்கும். எலும்பைச் சுற்றிய சவ்வும் தசைநாரும் மெல்லக் கரைந்து, ஜெலட்டினாகிச் சாற்றில் இறங்கும். சாறு கலங்காது, மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிடலாம். குடித்தபின் உதடு லேசாக ஒட்டும். அதுதான் பதம். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் ஜெல்லியாக உறைந்திருக்கும். கேஸ் செலவு கூடுதல்தான். அவசர நாளில் குக்கரே வையுங்கள். எதில் வைத்தாலும் மிளகைக் கடைசியில் இடித்துப் போடுங்கள், முதலிலேயே போட்டால் வாசம் போய்விடும்.