சல்லியும் இலக்கியமும்

மருதமுனை நெசவாளி ஒருவர் கல்முனைச் சந்தையில் மீன்காரரிடம், "கையில சல்லி இல்ல, காக்கா" என்கிறார். அதே நெசவாளியை ஒரு சிறுகதையில் சந்திக்கிறோம். அங்கே அவர், "என்னிடம் பணம் இல்லை, அண்ணா" என்று பேசுகிறார். பேசுவது நெசவாளியா, கதாசிரியரா?

1960களின் முற்பகுதியில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை வாசகர் அறிவர். உழைப்பாளரின் பேச்சை 'இழிசனர் வழக்கு' என்று பழித்தனர் மரபுவாதிகள். முற்போக்கு எழுத்தாளர் அப்பேச்சுக்கு இலக்கியத்தில் இடம் தேடிக் கொடுத்தனர். அந்தப் போராட்டம் வென்று முடிந்துவிட்டதென நாம் எண்ணியிருக்கிறோம். எனினும், 'சல்லி' என்று எழுத வந்தால் பலரது பேனா இன்னும் தயங்குகிறது. 'சல்லிக்காசுக்குப் பெறாதவன்' என்பது வசைமொழி அல்லவா?

அப்படியானால் 'பணம்' மட்டும் உயர்குலத்துச் சொல்லா? ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் இலங்கையில் வழங்கிய ரிக்ஸ் டொலரில் பன்னிரண்டில் ஒரு பங்கே 'பணம்'. 'துட்டு' ஒல்லாந்தரின் செப்புக்காசு. காரைதீவுத் தமிழர் செல்வத்தைக் 'காசு' என்கின்றனர். பக்கத்தூர் முஸ்லிம்கள் 'சல்லி' என்கின்றனர். சிங்கள மக்களுக்கும் அது 'சல்லி'யே. எல்லாம் சில்லறையின் பெயர்களே. சில்லறையையன்றி வேறெதையும் அதிகம் கண்டிராத மக்களின் வாயில், சில்லறையின் பெயரே செல்வத்தின் பெயராயிற்று எனக் கொள்வதில் வியப்பென்ன?

'சதம்' என்ற சொல்லையும் பாருங்கள். வடமொழியில் அதற்கு நூறு என்பது பொருள். ரூபாவை நூறாகப் பகுத்த முறை 1872இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தபின், அதே சொல் நூற்றில் ஒரு பங்குக்குப் பெயராயிற்று. 1963இல் வெளிவந்த அலுமினிய ஒரு சத நாணயத்திலும் அது தமிழில் பொறிக்கப்பட்டது. இதனை எவரும் இழிவழக்கு என்பதில்லை. அரசு உலோகத்தில் பொறித்ததை ஏற்பவர்கள், மக்கள் நாவில் பொறித்ததை ஏற்க மறுப்பது என்ன நியாயம்?

ஆயினும், நம்மவரிடமும் ஒரு குறையுண்டு. உரையாடலில் இரண்டு 'சல்லி'யும் ஒரு 'காக்கா'வும் தூவிவிட்டால் மண்வாசனை வந்துவிட்டது என்று மகிழ்கிறோம். எத்தனை சல்லி? யார் கொடுத்தது? எத்தனை நாள் உழைப்புக்கு? இவற்றைக் கதை சொல்வதில்லை. கரைவலை இழுத்தவனின் பங்கும், போடியாரின் வயலில் கதிர் அறுத்தவனின் கூலியும் 'சொற்பம்' என்ற ஒரே சொல்லில் மறைந்துபோகின்றன.

சொற்பம் என்பது தொகையன்று. 1963இல் ஒரு சதத்துக்கும் நாணயம் இருந்தது. இன்று சதக்காசுகள் கடைத்தெருவில் இல்லை. பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டிய 2022இல், காலையில் எண்ணி வைத்த கூலி மாலையில் கரைந்தது. அந்த ஆண்டின் துயரை நாளைய மாணவர் எதைக் கொண்டு அறிவர்? கதையில் ஒரு தொகையேனும் இருந்தால் அறிவர்.

எனவே எழுத்தாள நண்பர்களிடம் நாம் வேண்டுவது இரண்டு: சல்லியைச் சல்லி என்றே எழுதுங்கள், எழுதுமுன் அதை எண்ணியும் பாருங்கள். உழைப்பவன் ஒவ்வொரு நாளும் அதை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறான்.