எண்ணும் பெயரும்: தோட்ட வழக்கு குறித்து ஒரு நோக்கு

ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணை அடுத்துவரும் பெயர் பன்மை விகுதி ஏற்றல் பொதுவிதி. தமிழில் இது திணையைச் சார்ந்தது. 'பத்து மரம்' எனினும் 'பத்து மரங்கள்' எனினும் வழுவில்லை; இத்தகையவற்றை நன்னூலார் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். ஆனால் 'பத்து மாணவன்' என்பதை மொழி ஏற்பதில்லை. 'பத்து மாணவர்' என்றே வரல் வேண்டும்.

திம்புள்ள முதலிய மலையகத் தோட்டங்களில் 'இருபது ஆள்', 'இருபது பேர்' என வழங்குவதை இதற்கு விலக்காகக் காட்டலாம். எனினும் இவை தமிழகப் பேச்சிலும் உள்ளவை. இவற்றைப் பெருந்தோட்ட முறைமையின் விளைவாகக் கொள்வது இயந்திரப் பாங்கான சமூகவியலாகவே முடியும். நாம் கருத்திற் கொள்ள வேண்டியது 'அரைப்பேர்' என்னும் சொல்லையே. குறித்த அளவு கொழுந்து எடுக்காத தொழிலாளிக்கு அரைநாட் சம்பளமே பதியப்படும், அதுவே அரைப்பேர். 'பேர்' மனிதரை எண்ணும் சொல். மனிதரைப் பின்னமாக்கல் இயலாது. அவர் விற்கும் உழைப்புச் சக்தியைப் பின்னமாக்கலாம். ஆளின் பெயர் நாட்கூலியின் அலகாக மாறிய பின்னரே 'அரை' அதனோடு சேர இயன்றது. இம்மாற்றத்தின் காரணத்தை உற்பத்தி உறவிலேயே தேடல் வேண்டும்.

ஆங்கிலத்தில் இவ்வுறவு வேறுவழியில் வெளிப்படுகிறது. எண்ணுக்கேற்பப் பன்மை கோரும் அம்மொழியில் 'லேபர்' என்னும் சொல் உழைப்பையும் உழைப்போர் கூட்டத்தையும் ஒருங்கே சுட்டும். இப்பொருளில் அது பன்மை ஏற்பதில்லை. 1947 இல் திம்புள்ளத் தேயிலைப் பிரதேசத்துத் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, 1970 இல் வெளிவந்த தமது ஆங்கில நூலுக்குப் 'போர்ன் டு லேபர்' எனப் பெயரிட்டார். தலைப்பில் அச்சொல்லை வினையாகக் கொள்ளினும் பெயராகக் கொள்ளினும், அதன்கீழ் அவர் தீட்டுவன தோட்ட மாந்தரின் தனித்தனிச் சித்திரங்களே.

இதன் பெறுமதி அரசியற் பின்னணியை நோக்கத் தெளிவாகும். 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்கள், 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 975,000 என்ற தொகையாயினர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000 எனப் பகிரப்பட்டபின் எஞ்சிய 150,000 பேரை 1974 ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. தோட்டத்து ஏட்டில் ஆளுக்கு நேர்ந்த பின்னம் இங்கே ஒரு சமூகத்துக்கு நேர்ந்தது. இக்காலத்தில் மாந்தரை ஒவ்வொருவராக வரைந்து காட்டியமை வெறும் இலக்கிய உத்தியன்று. அது ஒரு நிலைப்பாடு.

மலையக இலக்கியத்தின் மொழியை ஆராய்வோர் அதன் சொற்களைப் பிரதேச வழக்கெனத் தொகுத்து அமைதல் போதாது. ஒவ்வொரு சொல்லும் எவ்வுறவினால் பொருள் மாறிற்று என்பதையும் ஆராய்தல் வேண்டும்.