அலிஷாவின் தோல்

பிரிட்டனின் ஈ4 தொலைக்காட்சியில் 2009இல் தொடங்கிய 'மிஸ்ஃபிட்ஸ்' தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே என் தோழிகள் நேத்தனின் கெட்ட வாயைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அலிஷாவை 'அலட்டல்காரி' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அவளைத்தான் பேச வேண்டும்.

சிறு குற்றங்களுக்காகச் சமூக சேவைத் தண்டனை பெற்ற ஐந்து இளைஞர்கள் ஒரு புயலில் சிக்கி, ஆளுக்கொரு சக்தி பெறுகிறார்கள். கெல்லிக்குப் பிறர் மனதில் நினைப்பது கேட்கும். சைமன் மறைந்துபோவான். கர்ட்டிஸ் காலத்தைத் திருப்புவான். அலிஷாவின் தோலைத் தொட்டவர்களுக்கோ காமவெறி பிடிக்கும். தெளிந்தபின் செய்தது எதுவும் நினைவிருக்காது.

இது யாருடைய சக்தி? 'அவள்தான் தூண்டினாள், நான் என்ன செய்ய?' என்று ஆண்கள் சொல்லிவந்த சாக்கு இங்கே இயற்கை விதியாகிவிடுகிறது. பாய்கிறவனுக்குக் குற்றமும் இல்லை, ஞாபகமும் இல்லை. விலகி நடக்க வேண்டியவள் அவள்.

ஆனால் தொடரை முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை. முதல் சீசனில் அலிஷா இதே சக்தியைக் கர்ட்டிஸ்மீது பயன்படுத்துகிறாள். தன் சம்மதம் இல்லாமல் நடந்தது என்று அவன் கொதிக்கிறான். கதை அந்தக் கோபத்தைக் கேலி செய்வதில்லை. ஓர் ஆணின் சம்மதத்துக்கு இவ்வளவு மதிப்பு தரும் காட்சியைத் தொலைக்காட்சியில் நான் அதிகம் பார்த்ததில்லை. அதே மதிப்பு அவளைப் பிடித்து இழுக்கும் ஆண்கள் வரும் காட்சிகளில் காணோம், அங்கே நகைச்சுவைதான்.

பிறகு அந்தச் சக்தியை அவள் விற்றுவிடுகிறாள். மூன்றாம் சீசன் முடிவில் கழுத்தறுபட்டுச் சாகிறாள். சைமன் நாயகனாகிக் காலத்தில் பின்னோக்கிப் போக ஒரு காரணம் வேண்டியிருந்தது.