தில்லித் தமிழ் மேடையும் நினைவுக் கட்டுரையும்: பாரதி மணியின் எழுத்துகளை முன்வைத்து

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட், தலைநகர்த் தமிழரின் சமூக வரலாற்றில் ஒரு சான்றாகக் கொள்ளத்தக்கது. கிதுவாய் நகர், லட்சுமிபாய் நகர், சரோஜினி நகர், லோதி காலனி எனச் சுற்றிலும் அமைந்த மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளின் தென்னிந்தியக் குடும்பங்கள் தேங்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் வாழையிலைக்கும் நாடிவந்த இடம் அது. இத்தகைய குடும்பங்களே தில்லித் தமிழ் நாடகத்திற்கு நடிகரையும் பார்வையாளரையும் ஒருங்கே வழங்கின. பகலில் கோப்பு, மாலையில் ஒத்திகை என வாழ்ந்த அந்த நடுத்தர வர்க்கத்தின் மேடையைப் பற்றி இன்று எஞ்சியுள்ள எழுத்துச் சான்றுகளுள் முதன்மையானவை பாரதி மணியின் (1937–2021) நினைவுக் கட்டுரைகள்.

நாகர்கோவிலை அடுத்த பார்வதிபுரத்தைச் சேர்ந்த எஸ்.கே.எஸ். மணி, இளமையிலேயே தில்லி சென்று, தட்சிண பாரத நாடக சபாவின் வழியே அரை நூற்றாண்டு நாடகத்தோடு வாழ்ந்தவர்; க.நா. சுப்ரமண்யத்தின் மருமகன். ஞான ராஜசேகரனின் ‘பாரதி’ (2000) திரைப்படத்தில் பாரதியின் தந்தை சின்னசாமி ஐயராக நடித்ததே அவருக்கு அப்பெயரைத் தந்தது. தமிழகம் அவரை நடிகராக அறிந்தது அதன் பின்னரே. ‘பல நேரங்களில் பல மனிதர்கள்’, ‘புள்ளிகள் கோடுகள் கோலங்கள்’ என்னும் அவருடைய நூல்களைப் பிரமுகர் பற்றிய சுவையான செய்திகளுக்காக வாசிப்போர் மிகுதி. அது பாதி வாசிப்பே.

தில்லி நிகம்போத் சுடுகாட்டைப் பற்றிய கட்டுரை இதற்கு எடுத்துக்காட்டு. உறவினர் தொலைவில் இருக்க, தில்லியில் இறந்துபோகும் தமிழருக்கு இறுதிக் கடன்கள் நிறைவேறத் துணைநின்ற அனுபவம் அங்கே சொல்லப்படுகிறது. துயரத்தை அவர் உரக்கச் சொல்வதில்லை. நகைச்சுவையை முன்னிறுத்தி அதை மறைத்துவைக்கிறார். வசனத்தை எங்கே நிறுத்தினால் அரங்கு அமைதியாகும் என்றறிந்த நடிகரின் உரைநடை இது. அதனினும் முக்கியமானது, அக்கட்டுரை தன்னையறியாமல் காட்டும் சமூக உண்மை. சொந்த ஊரில் பங்காளிகள் செய்யும் கடமையைத் தில்லியில் அறிமுகமும் நட்பும் செய்தன. சபா என்பது அங்கே கலை அமைப்பு மட்டுமன்று, உறவுமுறையின் பதிலியும் ஆகும். தில்லித் தமிழ் நாடகத்தை ஆராய்வோர் தொடங்கவேண்டிய இடம் இதுவே எனலாம்.

ஆயினும் நாடக வரலாற்றுச் சான்று என்ற வகையில் இக்கட்டுரைகளின் குறை சிறிதன்று. இந்திரா பார்த்தசாரதியின் ‘மழை’ தில்லி மேடை கண்ட நாடகம். மணி அதில் நடித்தவர். தந்தையின் ஆதிக்கத்தில் இளமையை இழந்த மகளைப் பற்றிய அந்நாடகத்தின் பனுவல் அச்சில் கிடைக்கிறது. ஆனால், அதன் மௌனங்கள் எவ்வாறு நடிக்கப்பெற்றன, தம் மகள்களுடன் வந்தமர்ந்திருந்த அரசு ஊழியர்கள் அதை எவ்வாறு ஏற்றனர் என்பதைச் சொல்லத்தக்கவருள் ஒருவர் மணி. அவரோ மேடைக்குப் பின்னால் நடந்ததை விரித்து, மேடையில் நடந்ததைச் சுருக்கிவிடுகிறார். நல்ல கதைசொல்லிக்கு நேரும் இழப்பு இது.

பூர்ணம் விசுவநாதனோடு ஒப்பிட இவ்விடைவெளி மேலும் தெளிவாகும். 1947 ஆகஸ்டு 15 அன்று விடுதலைச் செய்தியைத் தில்லி வானொலியில் தமிழில் வாசித்த பூர்ணம், பின்னர்ச் சென்னையில் சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார். திரைப்படங்களும் அவர் குரலைப் பாதுகாத்துள்ளன. நெடுங்காலம் தில்லியிலேயே வாழ்ந்த மணியின் நடிப்புக்கோ, முதுமையில் ஏற்ற சில திரை வேடங்களே சான்று. தில்லியில் 1959-இலேயே தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியிருந்தும் அங்கிருந்த தமிழ் மேடையை அது போதிய அளவு பதிவுசெய்யவில்லை. 1993-இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியும் பிற தமிழ் அலைவரிசைகளும் வீட்டுக்குள் வந்தபோது, சபாக்களின் மாலைப்பொழுதும் குறைந்தது.

கிழக்குக் கிதுவாய் நகரின் பழைய வீடுகள் 2014 முதல் இடிக்கப்பட்டன. சரோஜினி நகர், நௌரோஜி நகர் ஆகியவற்றின் மறுகட்டுமானத்திற்கு 2016-இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. வீடு மாறும்போது முதலில் கழிக்கப்படுபவை பழைய துண்டறிக்கைகளும் ஒத்திகைப் பிரதிகளும்தாம். அவற்றைத் தேடித் தொகுத்து மணியின் கட்டுரைகளோடு ஒத்துநோக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ள வேண்டும். அம்மேடையில் நடித்தோருள் எஞ்சியிருப்போர் யாவரும் முதியோர்.